செங்கல்லால் ஆன இரட்டை வீடுகளில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியில் பழைய செங்கல் வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் இளம் கட்டடக்கலைஞர்களை முதலில் பீக்கன் தெருவின் 39, 40 எண்ணுள்ள இரட்டை வீடுகளின் எதிரே நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்பேன். அலெக்சாண்டர் பாரிஸ் வடிவமைத்து 1821இல் எழுந்தவை அவை. 39ஆம் எண் துணி ஆலை அதிபர் நேத்தன் ஆப்பிள்டனுடையது. கவிஞர் லாங்ஃபெலோவின் திருமணம் 1843இல் அங்கேதான் நடந்தது. இளைஞர்கள் சொல்லும் பதில்களில் என் பழைய தவறுகளே திரும்பத் திரும்பக் கேட்பதால் இதை எழுதுகிறேன். அளவெடுக்காமல் வரைவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

இன்றைய தோற்றத்தையே மூலத் தோற்றமாகக் கொள்வது

இவ்வீடுகளின் நான்காம் தளம் பின்னாளில் ஏற்றப்பட்டது. அதையும் பாரிஸின் கணக்கில் சேர்த்து முகப்பின் விகிதத்தைப் பேசினால், பேச்சு முழுவதும் பிசகிவிடும்.

பழைய சுவருக்குச் சிமென்ட் சாந்து

இந்த வீடுகள் எழுந்தபோது, இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லேண்ட் சிமென்ட் என்ற பொருளே இல்லை. ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றது 1824இல். அமெரிக்காவில் அதன் உற்பத்தி தொடங்கியது 1870களில்தான். அக்காலச் சுவர்கள் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தில் நிற்கின்றன. அன்றைய செங்கல் இன்றையதைவிட மென்மையானது, நீரை எளிதில் உறிஞ்சுவது; உறிஞ்சிய ஈரத்தைச் சுவர் பெரும்பாலும் செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்துக் கோடுகளின் வழியாகவே வெளியே விடுகிறது. சாந்து உதிர்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம், ஆனால் இருநூறு ஆண்டுச் செங்கல்லை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

இதை அறியாத காலத்தில், அதே பகுதியில் வேறொரு சோடி வீட்டின் ஒரு பாதி மட்டும் என் பொறுப்பில் வந்தது. மறுபாதியின் உரிமையாளர் செலவு செய்ய விரும்பவில்லை. கோடுகள் உதிர்கின்றனவே, உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் சாந்து எழுதிக் கொடுத்தேன்; பழைய சாந்தைக் கிரைண்டரால் அறுத்தெடுக்கவும் அனுமதித்தேன். பனிக்காலத்துக்கு முன் வேலை முடிந்தபோது சுவர் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது, வீட்டுக்காரரும் மகிழ்ந்தார்.

இரண்டு குளிர்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வெளியேற வழியில்லாத ஈரம் கல்லுக்குள்ளேயே உறைந்து, உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து, கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளியிருந்தது. விரல் வைத்தால் அப்பளம் நொறுங்குவதுபோல் உடைந்து கையோடு வந்தது. உள்ளே வெறும் சிவப்புப் பொடி. சிமென்ட் கோடுகள் மட்டும் சற்றும் தேயாமல், காலியான தேன்கூட்டின் விளிம்புகள்போல் முன்னே துருத்தி நின்றன. செங்குத்துக் கோடுகள் நீளம் குறைந்தவை என்பதால், கிரைண்டர் தட்டு அங்கே மேலும் கீழுமாகக் கல்லையே வெட்டியிருந்தது. மறுபாதியில், யாரும் தொடாத அந்த உதிர்ந்த சுவரில், ஒரு கல்கூட முகம் இழக்கவில்லை. ஒரே சூளை, ஒரே ஆண்டு, ஒரே மழை.

இன்றும் வேலைக் குறிப்புகளில் ‘உறுதியான சிமென்ட் சாந்து’ என்ற சொற்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அந்த மணலின் நிறத்துக்கும் பருமனுக்கும் பொருந்தப் புதுச் சாந்து கலக்க வேண்டும். செங்குத்துக் கோடுகளை உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே திறக்க வேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும்.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது

கூடவே கூடாது. சூளையில் வெந்த மேல்தோல் போனால் திரும்ப வராது.

பொதுச்சுவரை ஒரு வீட்டின் சுவராக நினைப்பது

இத்தகைய சோடி வீடுகளில் இருபுறத்து உத்தரங்களும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் நடுவே உள்ள அந்த ஒரே பொதுச்சுவரில்தான் அமர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்குள்ளும் சென்று பார்க்காமல் அதில் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

ஊதாக் கண்ணாடி

பீக்கன் தெருவின் சில ஜன்னல்களில் இளம் ஊதாச் சில்லுகள் இருக்கின்றன. கண்ணாடியில் கலந்திருந்த மாங்கனீசு, ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டதால் அந்த நிறத்தைத் தந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் இளைஞரின் பட்டியலில் ‘நிறம் மாறிய கண்ணாடி, 4, மாற்ற வேண்டும்’ என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, பலகை வைத்து மறைத்துக் காக்கும்படி எழுதினேன்.