நன்னடத்தைப் பிணை மறுப்பை மேல்முறையீட்டில் எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னடத்தைப் பிணை என்பது, குற்றவாளி எனத் தீர்ப்பானவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பதாக எழுதித் தரும் உறுதியின்பேரில் விடுவிப்பது. அது மறுக்கப்பட்டதை எதிர்த்துப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் ஜூனியர்கள் என்னிடம் காட்டும் மேல்முறையீட்டு மனுக்களைப் படிக்கும்போது, முன்பு நான் எழுதிய மனுக்களையே மறுபடி படிப்பதுபோல் இருக்கிறது. கெடு தாண்டுவது, சான்றிட்ட நகல் இணைக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைக் குமாஸ்தாவே பிடித்துவிடுவார்.

குழந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத மனு

குழந்தையைக் கொடுமைப்படுத்தித் தண்டனை பெற்றவருக்காக நன்னடத்தைப் பிணை கேட்கும் மனு, முதல் குற்றம், வயதான தாய், பீடிக் கூலியில் ஓடும் குடும்பம் என்று பத்துப் பத்திகள் போகும். அந்தக் குழந்தை இன்று யார் வீட்டில் தூங்குகிறது என்பதை மட்டும் சொல்லாது. இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் இதற்கு விலை கொடுத்தவர் என் கட்சிக்காரர்.

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த சிறுமிக்குக் கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட்டவர் அவர். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆவது பிரிவின்கீழ் ஓராண்டுச் சிறை. நன்னடத்தைப் பிணை மறுக்கப்பட்டது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆவது பிரிவு, பிணை மறுத்தால் எழுதச் சொல்லும் சிறப்புக் காரணங்கள் தீர்ப்பில் பதியப்படவில்லை என்று நான் நெடுநேரம் வாதிட்டேன். பொறுமையாகக் கேட்ட நீதிபதி, கோப்பிலிருந்த புகைப்படத்தை என் பக்கம் திருப்பினார். சிறுமியின் முழங்கைக்குக் கீழே கரண்டியின் வட்டம் விளிம்பு மாறாமல் பதிந்திருந்தது. இவரை இன்று விட்டால் எந்த வீட்டுக்குப் போவார் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சிறுமி ஆச்சி வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதையும், கட்சிக்காரரை வேறு ஊரில் தன்னோடு வைத்துக்கொள்ளத் தான் தயாராக இருந்ததையும், தண்டனை உறுதியான அன்று மாலை வேப்பமரத்தடியில் அவருடைய அண்ணன் சொல்லித்தான் நான் அறிந்தேன். நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

காரணம் எழுதப்படாதது சட்டப் பிழைதான். ஆனால் அந்தப் பிழையைக் காட்டுவதோடு வேலை முடிவதில்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-இன் 11(1) பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றமே அந்த ஆணையைப் பிறப்பிக்கலாம் என்பதால், பிறப்பிப்பதற்கான விவரங்களை நாம்தான் அதன் முன் வைக்க வேண்டும். குற்றத்தின் தன்மையையும் குற்றவாளியின் குணத்தையும் பார்க்கச் சொல்லும் 4-ஆவது பிரிவு, குறைந்தது ஓராண்டுக் கண்காணிப்பு, வசிப்பிடம், குடிப்பழக்கம் ஆகியவை குறித்த நிபந்தனைகளுக்கும் இடம் தருகிறது. 5-ஆவது பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைக்கத் தனி மனுவை மேல்முறையீட்டுடனேயே போடுங்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றை, அந்த அறிக்கையைப் பெற்று, நன்னடத்தைப் பிணை தரலாமா என்பதை முடிவுசெய்யுமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

வயதைத் தவறான நாளில் கணக்கிடுவது

21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு பொருந்தும். அறிக்கையை வரவழைப்பதும், சிறை விதித்தால் காரணம் பதிவதும் அங்கே கட்டாயம். குற்றம் நடந்த நாளை வைத்து வயதைக் கணக்கிடாதீர்கள். விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என முடிவுசெய்து தண்டனையைத் தீர்மானிக்கும் நாளே கணக்கு என்பது 1963 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது. இவ்வயதினர் மேல்முறையீடே செய்யாமல் சிறையில் இருந்தால், 11(3) பிரிவின்படி நன்னடத்தை அலுவலரும் மனுச் செய்யலாம்.

பழைய பிரிவு எண்கள்

1-7-2024 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் உள்ளது. நன்னடத்தைப் பிணை பற்றிய பழைய 360 அதில் 401. 361 என்பது 402.

தவறான நீதிமன்றம்

2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இளைஞர் நீதிச் சட்டக் குற்றங்களைக் குழந்தைகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

ஆயுள் தண்டனைக் குற்றங்கள்

நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இவற்றுக்குப் பொருந்தாது. கேட்காதீர்கள்.

தாயின் கையெழுத்திட்ட சமரச மனு

இணைக்காதீர்கள். கணவரின் வருமானத்தில் வாழும் பெண்ணின் கையெழுத்து அது என்பதை நீதிபதி உடனே கவனிப்பார். சிறுமி யார் பொறுப்பில் இருக்கிறாள் என்று காட்டும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை இருந்தால், அடையாளம் வெளியாகாதபடி மூடிய உறையில் அதை வையுங்கள்.