கைமோசம் என்ற சொல்லை நம்பாதீர்கள்: கொலை வழக்கில் ஜூனியர்கள் விடும் பிழைகள்

போன கிழமை கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூட இன்னும் கலையாத ஒரு தம்பி, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே குத்துத்தானே அக்கா. கொல்லணும்னு செய்யலயே. கைமோசத்துல முடிஞ்சிரும்." கொலை என்றில்லாமல், அதைவிடக் குறைந்த குற்றத்தில் முடியும் என்று அர்த்தம்.

டீ தொண்டையில் இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதையேதான் நானும் சொன்னேன், அதே தெருவில், ஒரு தாயிடம்.

திகதி பிழைப்பது, சான்றுப்பொருளின் இலக்கம் மாறுவது, பிரேத பரிசோதனை அறிக்கைக்கு நேரத்தோடு விண்ணப்பிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. சீனியரிடம் ஒருநாள் ஏச்சு வாங்கினால் அதெல்லாம் தானாகத் திருந்திவிடும். ஏச்சு வாங்கியும் திருந்தாதவை சில இருக்கின்றன.

சினிமா இலக்கங்கள்

கொலை என்றவுடன் 302 என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சினிமாவில் கேட்டுப் பழகிய அது இந்தியாவின் பழைய இலக்கம். அங்கேயும் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. இலங்கையில் நம்முடையது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. குற்றமுள்ள மனிதக் கொலை என்றால் என்னவென்று 293 சொல்கிறது. அது எப்போது கொலை ஆகிறது, எப்போது ஆகாது என்பதை 294 சொல்கிறது. கொலைக்குத் தண்டனை 296, கொலையாகாததற்கு 297. அசட்டுத் துணிச்சலாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தால் 298.

நீதிமன்றப் பெயர்களிலும் இதே குழப்பம்தான். தமிழ்நாட்டுத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் என்றிருந்தால் அது பெயரளவில் நம்முடைய மேல் நீதிமன்றத்துக்குச் சமம். நமக்கு உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் கடைசிப் படி. ஒரு ஜூனியரின் எழுத்துச் சமர்ப்பணத்தில் சென்னை நீதிமன்றம் கொழும்பின் உச்சிக்கே ஏறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கொல்ல நினைக்கவில்லை, ஆகவே கைமோசம்"

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். குற்றத்தில் பாதி அந்தச் சொல்லினுடையது. கொலையாகாத குற்றமுள்ள மனிதக் கொலையை நம் பத்திரிகைகள் 'கைமோசக் கொலை' என்கின்றன. கேட்பவருக்கு ஏதோ கை தவறி நடந்தது போலத் தோன்றும். சிங்களத்தில் 'சாவத்ய மனுஷ்ய காதனய' என்கிறார்கள். அதில் குற்றம் என்ற சொல் முன்னாலேயே நிற்கிறது, தற்செயல் என்ற வாடையே இல்லை. நாங்கள் தமிழில் யோசித்துக்கொண்டு சிங்களத்தில் வழக்காடுகிறவர்கள். வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

294ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். கொலைக்கு நான்கு வாசல்கள். முதலாவது, மரணம் விளைவிக்கும் எண்ணம். இரண்டாவது, இந்தக் காயம் இந்த ஆளைக் கொல்லக்கூடும் என்று தெரிந்துகொண்டு அதே காயத்தை விளைவிக்கும் எண்ணம். மூன்றாவது, ஒரு காயத்தை விளைவிக்கும் எண்ணம், அந்தக் காயமும் இயற்கையின் சாதாரண போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது. நான்காவது, மிகப் பெரும்பாலும் மரணத்தில் முடியும் என்று தெரிந்தே, தகுந்த காரணமின்றி அந்த ஆபத்தான செயலைச் செய்வது. 'கொல்ல நினைத்தான்' என்பது முதலாவது வாசல் மட்டுமே. அதை இழுத்துப் பூட்டிவிட்டு மற்ற மூன்றையும் திறந்து போட்டுவிட்டு வருகிறோம்.

என் கதை கொழும்பு முகத்துவாரத்தில், நெருக்கமாக வீடுகள் கட்டிய ஒரு தோட்டத்தில் நடந்தது. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அக்காவின் கணவனும் அவனுடைய மச்சானும், அதாவது அக்காவின் தம்பியும், வாளி முறைக்காகச் சண்டை பிடித்தார்கள். மச்சான் அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தவன், கத்தி கையிலேயே இருந்தது. அக்காவின் கணவனுக்கு இடது மார்பில் ஒரு குத்து. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"என் புள்ள கொல்ல நெனைக்கல மிஸ்" என்றார் குத்தியவனின் தாய். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி சாட்சிக் கூண்டில் நின்றபோது, இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களா, கோயிலுக்கு ஒன்றாகப் போகிறவர்களா என்றெல்லாம் கேட்டேன். பகையே இல்லை என்று காட்டினால் எண்ணமும் இல்லை என்றாகிவிடும் என்பது என் கணக்கு. வாளியை முதலில் உதைத்தது யார், அதைத் தூக்கி எறிந்தது யார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சட்ட வைத்திய அதிகாரி. அரச சட்டவாதி அவரிடம் காயத்தின் நீளம், ஆழம், திசை கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

"டொக்டர், கத்தி ஓர் அங்குலம் விலகியிருந்தா ஆள் பிழைச்சிருப்பார், சரிதானே?"

அவர் அறிக்கையிலிருந்து தலை நிமிரவேயில்லை. "விலகல்லயே. இதயத்தின் வலது கீழறை கிழிஞ்சிருக்கு. சாதாரண போக்கில் மரணம் விளைவிக்க இந்தக் காயம் போதுமானது."

மூன்றாவது வாசலின் சொற்கள் அப்படியே அவர் வாயால் வந்தன. எதிர்த்தரப்பு கேட்க மறந்த கேள்விக்கு நானே பதில் வாங்கி நீதிமன்றக் குறிப்பில் ஏற்றிக் கொடுத்தேன். கடைசியில், என் ஆலோசனைப்படி எதிரி, சத்தியம் செய்யாமல் கூண்டில் நின்று சொல்லும் கூண்டுரையில், ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: கொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தீர்ப்பு, 296ஆம் பிரிவின் கீழ் குற்றவாளி.

மார்பைக் குறிவைத்து ஓங்கியவனிடம், அந்தக் காயம் ஆளைக் கொல்லுமா என்று உனக்குத் தெரியுமா என்று மூன்றாவது வாசல் கேட்பதில்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு காயம் விளைவிக்க நினைத்தானா என்பது முதல் கேள்வி. அந்தக் காயம் மரணத்துக்குப் போதுமானதா என்பது அடுத்தது, அதற்கு விடை வைத்தியரிடம். இதே வாசகத்துக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1958இல் விர்சா சிங் வழக்கில் கொடுத்த விளக்கத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். அங்கேயும் ஒரே குத்துத்தான், வயிற்றில் ஈட்டி. கொலை என்ற தீர்ப்பு நிலைத்தது. தொடையில் குத்தப்போய் தொடை நாடி அறுந்த கதை வேறு. அங்கே 'அந்தக் காயத்தையே நினைத்தானா' என்று வாதாட இடம் உண்டு. குத்து ஒன்றா பத்தா என்பதைவிட, எங்கே, எதனால், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் பேசும்.

முகத்துவாரத்துப் பையனைக் காப்பாற்றக்கூடியது எண்ணத்தைப் பற்றிய வாதமே அல்ல. கொலையை 297க்கு இறக்கும், 294இன் கீழுள்ள நான்காவது விதிவிலக்கு இருந்தது: முன்திட்டமின்றி, திடீர் வாக்குவாதத்தில் எழுந்த திடீர்ச் சண்டை, ஆத்திர வேகம், அநியாயமான சாதகத்தைப் பயன்படுத்தாமை, கொடூரமாகவோ வழமைக்கு மாறாகவோ நடக்காமை. யார் முதலில் தொடங்கினார்கள் என்பது அங்கே பொருட்டே அல்ல. ஆனால் விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, எதிரியுடையது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவின் சமநிலை, அதாவது அப்படி நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று காட்டுவது, போதும். நான் அந்தச் சமநிலைக்கு ஒரு குண்டுமணி எடைகூட வைக்கவில்லை.

மேன்முறையீட்டில் வேறொரு சட்டத்தரணி வழக்கேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அரச சட்டவாதியின் ஏதோ ஒரு கேள்விக்கு ஆச்சி சொல்லியிருந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டது: "வாளி உருண்டு வந்து என் வீட்டுப் படியில நின்டுச்சு." அந்த ஒரு வரியில் தொடங்கி திடீர்ச் சண்டையைக் கட்டி எழுப்பினார். குற்றத்தீர்ப்பு 297க்கு மாறியது. இடையில் போனது நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் என் கணக்கில்.

தேநீர்க் கடைத் தம்பியைக் கூப்பிட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை வாசித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "இன்னும் கெடைக்கல மிஸ்" என்றார்.

இதன் மறுபக்கம்

கொல்லத்தான் நினைத்தான், ஆகவே கைமோசத்துக்கு வழியே இல்லை என்பதும் பிழை. சட்டமா அதிபர் எதிர் பெரேரா வழக்கில், இலங்கையிலிருந்து போன மேன்முறையீட்டில், அந்நாளில் நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1953இல் இதைத் தீர்த்து வைத்தது. கொல்லும் எண்ணம் இருந்தாலும் பாரதூரமான, திடீர் ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு கிடைக்கலாம், அக்கால ஆங்கிலேயச் சட்டத்தின் மட்டுப்பாட்டை நம் கோவைக்குள் கொண்டுவந்து திணிக்கக்கூடாது என்றது. யோசித்தால் நியாயம்தான். 294இன் வாசலுக்குள் நுழைந்தவனுக்குத்தானே வெளியேற விதிவிலக்கு வேண்டும்?

ஆகவே "நான் குத்தவேயில்லை, குத்தியிருந்தாலும் கொல்ல நினைக்கவில்லை" என்று இரண்டு தோணியில் கால் வைப்பதற்கு முன், எதிரியிடம் நடந்ததை முழுதாகக் கேளுங்கள். பல பேர் கேட்பதேயில்லை.

ஆத்திரமூட்டலும் திடீர்ச் சண்டையும் ஒன்றல்ல

முதலாவதில் ஆத்திரம் மற்றவரிடமிருந்து வரவேண்டும், அது பாரதூரமாகவும் திடீரெனவும் இருக்கவேண்டும், தன்னடக்கம் போயிருக்கவேண்டும், எதிரி அதைத் தானாகத் தேடிப் போயிருக்கக்கூடாது. காலையில் ஏச்சு, பின்னேரம் வெட்டு என்றால் இடையில் என்ன நடந்தது என்று நிமிஷக் கணக்கில் சொல்லத் தெரியவேண்டும். இரண்டாவதற்குச் சண்டை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்து மறுபக்கம் ஓடினால் அதற்குப் பெயர் சண்டை இல்லை.

தற்காப்பு

முழுத் தற்காப்பு என்றால் குற்றமே இல்லை. நல்லெண்ணத்தோடு எல்லை மீறிய தற்காப்பு என்றால் 297. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

வெறி

தானாகக் குடித்த வெறி விதிவிலக்கு அல்ல.

வீதி விபத்து

கொழும்பின் காலி வீதியில் பஸ் மோதி ஒருவர் இறந்தால் பெரும்பாலும் 298, உச்சம் ஐந்து வருஷம். அதைப் போய்க் 'கொலை வழக்கு' என்று உறவினருக்குச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். மறுபக்கம், வேண்டுமென்றே ஆளைக் குறிவைத்து வாகனத்தை ஏற்றினால் 298 காப்பாற்றாது. அங்கே வாகனமும் கத்தியும் ஒன்றுதான்.

297இன் இரண்டு பாதிகள்

குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ள அரச தரப்பு இணங்கினால் ஜூனியருக்குத் தலைகால் புரியாது. 'கைமோசத்துக்கு ஒத்துக்கொள்கிறோம்' என்று எழுந்து சொல்லிவிடுவார். 297இல் மரணமோ காயமோ விளைவிக்கும் எண்ணத்தின் அடிப்படையில் என்றால் இருபது வருஷம் வரை போகலாம். மரணம் நேரலாம் என்ற அறிவின் அடிப்படையில் மட்டும் என்றால் பத்து. எந்தப் பாதி என்பதை முதலில் பேசி முடித்து, வழக்கேட்டில் தெளிவாகப் பதிவாகும்படி செய்துவிட்டு, அதன் பிறகு எதிரியை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

"எப்படியும் தூக்கில போடமாட்டாங்க"

1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மை. அதை ஆறுதலாகக் குடும்பத்திடம் சொல்லாதீர்கள். 296இல் குற்றவாளி என்றால் மரண தண்டனைதான் வாசிக்கப்படும். வாசிக்கும்போது விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துவார்கள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். முகத்துவாரத்துத் தாய்க்குச் சிங்களம் அவ்வளவாக விளங்காது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் மொழிபெயர்த்தது கூண்டில் நின்ற மகனுக்கு. பின் வாங்கில் நின்ற தாய் என் கோட்டுக் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் மிஸ், ஃபேன நிப்பாட்டிட்டாங்க?"