கட்டியை மட்டும் எடுக்கும் மார்பக அறுவை சிகிச்சை: எங்கெல்லாம் சறுக்குகிறது?

"முழுசா எடுத்துடுங்க டாக்டர், அப்பதான் நிம்மதி." மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான அன்றே பலர் சொல்லும் வார்த்தை இது. நோயாளியை முந்திக்கொண்டு கூட வந்தவர்கள் சொல்வதும் உண்டு. பயத்தில் எடுக்கும் இந்த முடிவுதான் பெரும்பாலும் முதல் தவறு.

இத்தாலியின் மிலான் நகரில் அறுவை மருத்துவர் உம்பர்த்தோ வெரொனேசி 1973இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டி உள்ள 701 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேருக்கு மார்பகம் முழுவதையும் அடியில் உள்ள தசையோடு அகற்றினார்கள். மறுபாதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோதும் உயிர் பிழைத்தவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு நடத்திய ஆய்விலும் இதே முடிவுதான். ஒன்றை மறைக்கக் கூடாது: மிலான் ஆய்வில் அதே இடத்தில் நோய் திரும்பியது மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களில் 30 பேருக்கு, முழுவதும் எடுத்தவர்களில் 8 பேருக்கு. ஆனாலும் அந்த வித்தியாசம் உயிரிழப்பைக் கூட்டவில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மார்பகத் தோலே சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோய், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்-ரேயில் மார்பகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சந்தேகத்துக்குரிய சுண்ணாம்புத் துகள்கள், அதே மார்பில் முன்பே வாங்கிய கதிர்வீச்சு, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்கள். இந்த நிலைகளில் "எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவது சரியல்ல. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்கள், மார்பகத்தைக் காப்பதா எடுப்பதா என்று அறுவைக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான தவறு கத்தி எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "சின்னக் கட்டிதானே, எடுத்துட்டே டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்று ஊசி பயாப்சி செய்யாமல் நேராக அறுத்து எடுப்பது. பிறகு புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், எந்த ஓரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே தெரியாமல் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். கோர் பயாப்சி என்கிற தடித்த ஊசிப் பரிசோதனை, புற்றுநோயா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. நோய்ச் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவற்றின் நிலையையும் அது காட்டிவிடும். முதலில் கீமோவா, முதலில் அறுவையா என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து இதைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தால் இழப்புதான் அதிகம்.

கீமோ முதலில் என்று முடிவானால், மருந்து ஏறுவதற்கு முன் கட்டிக்குள் சில மில்லிமீட்டர் அளவே உள்ள உலோகக் கிளிப் ஒன்றை வைக்க வேண்டும். இதை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. மருந்து நன்றாக வேலை செய்து கட்டி கரைந்துவிட்டால், ஸ்கேனில்கூடத் தடம் கிடைக்காமல் போகலாம். நல்ல செய்தியே அறுவை மேசையில் சிக்கலாகிவிடும்.

அடுத்தது விளிம்பு, அதாவது வெட்டி எடுத்த திசுவின் ஓரம். வெட்டி எடுத்த திசு, கையில் பார்க்க வழுவழுப்பான ஒரு கொழுப்பு உருண்டைதான். மேல் எது, கீழ் எது, தோல் பக்கம் எது என்று வெளியே எடுத்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எடுத்த உடனேயே ஒரு பக்கம் குட்டை நூல், இன்னொரு பக்கம் நீள நூல் என்று தைத்து, எது எந்தப் பக்கம் என்று ஃபாரத்தில் எழுதி அனுப்புகிறார்கள். பேத்தாலஜி ஆய்வகத்தில் அதன் பரப்பில் மை பூசி, பிறகு வெட்டிப் பார்ப்பார்கள். நூல் போட மறந்தால் "ஒரு விளிம்பில் நோய் தொடுகிறது" என்ற வரி வரும். எந்த விளிம்பு என்பதுதான் வராது. உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போமே என்று அறுவை அறையிலேயே அதைப் பிளந்து பார்ப்பதும் இதே அளவு கெடுதல். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடாமல் வைத்திருந்தால் ஹார்மோன், ஹெர்-2 முடிவுகளையும் முழுதாக நம்ப முடியாது.

எவ்வளவு இடைவெளி போதும்? சுற்றிலும் அகலமாக எடுத்தால் பாதுகாப்பு என்று நெடுங்காலம் நம்பினார்கள். பரவும் தன்மை கொண்ட புற்றுநோயில், மை பூசிய விளிம்பை நோய்ச் செல் தொடாமல் இருந்தாலே போதும் என்று 2014இல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டன. பால்குழாய்க்குள் மட்டுமே நிற்கும் ஆரம்ப வகைக்கு 2 மி.மீ. அதற்கு மேல் வெட்டுவதால் வடிவம்தான் போகிறது. எடுத்த குழியின் சுவர்களிலிருந்து மெல்லிய படலம் ஒன்றைக் கூடுதலாகச் சீவி எடுக்கும் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: 2015இல் வெளியான ஓர் ஆய்வில், விளிம்புக்காக மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 21 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தார்கள். அப்படியும் மறு அறுவை வந்தால் அதை யாருடைய தோல்வியாகவும் நினைக்க வேண்டியதில்லை.

வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இன்னொரு பிழை. மார்பகத்தின் கீழ்ப்பகுதியில் கட்டியை எடுத்துத் தோலை மட்டும் சேர்த்துத் தைத்தால், ஆறும்போது காம்பு கீழ்நோக்கி இழுபட்டுப் பறவை அலகு போல வளைந்துவிடும். கதிர்வீச்சுக்குப் பிறகு அதைச் சரிசெய்வது பெரும் பாடு. எடுக்கும் அளவு மார்பகத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பக்கத்துத் திசுவை நகர்த்தியே நிரப்பலாம். அதைத் தாண்டினால் மார்பகச் சிறிதாக்க முறைகளைக் கலந்த ஆங்கோபிளாஸ்டிக் அறுவை தேவைப்படும். இதற்கான கோடுகளை மயக்க மருந்துக்கு முன், நோயாளி நிமிர்ந்து இருக்கும்போதே வரைய வேண்டும். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். திசுவை நகர்த்தினால் கட்டி இருந்த இடத்தில் கிளிப் வைக்காமல் மூடக் கூடாது. கதிர்வீச்சு நிபுணருக்கு வேறு அடையாளம் இருக்காது.

அக்குள் நிணநீர் முடிச்சுகளை வழக்கம் போல மொத்தமாக அள்ளிவிடுவதும் பழைய பழக்கம். சாயம் அல்லது கதிரியக்க மருந்து செலுத்தி, நோய் முதலில் எட்டக்கூடிய சில முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் பலருக்குப் போதும். முழுதும் எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அது வந்தால் எளிதில் போவதில்லை.

காயம் ஆறி, உடம்பும் தெம்பாகிவிட்ட பிறகு கதிர்வீச்சுக்குப் போகாமல் நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஃபிஷர் குழுவின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 20 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 39 சதவீதம் பேருக்கு. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14. இப்போது பலருக்குக் கதிர்வீச்சு 3 வாரத்தில் முடிகிறது, தகுந்தவர்களுக்கு 5 நாள் முறையும் உண்டு. 65 வயதைத் தாண்டி, கட்டி சிறியதாகவும் ஹார்மோன் சார்ந்ததாகவும் இருந்து, நிணநீர் முடிச்சிலும் நோய் இல்லாமல், ஹார்மோன் சிகிச்சை மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களுக்குக் கதிர்வீச்சு இல்லாமலே விடுவது பற்றி மருத்துவர் பேசுவார். சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதங்களுக்குள் முதல் மேமோகிராம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. அறுவை நடந்த மார்பகத்தோடு மற்றதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.