கட்டிலுக்கு அடியில் ஒரு மாவு மில்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடான எங்கள் டிராவல் டிரெய்லரில் ராத்திரி யாராவது குழாயைத் திறந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம். அங்கே இருக்கும் தண்ணீர் பம்ப் போச்சு என்றே நினைத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓடும் பம்பைக் கையில் தூக்கிப் பிடித்ததும் சத்தம் பாதியாகிவிட்டது. அலறியது பம்ப் இல்லை, அது உட்கார்ந்திருந்த பிளைவுட் பலகை!

12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் அது; உள்ளே ஒரு சவ்வு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரைத் தள்ளும். ரப்பர் கால்கள் நசுங்கும் அளவுக்கு ஸ்க்ரூவை முறுக்கி வைத்திருந்தார்கள். அடியில் கனமான ரப்பர் துண்டு வைத்து, இந்தமுறை லேசாகத்தான் முறுக்கினேன். அப்புறம் பம்பின் இரண்டு பக்கமும் விறைப்பான பெக்ஸ் (PEX) பிளாஸ்டிக் குழாயில் ஓரடி வெட்டிவிட்டு, வளைகிற ஹோஸ் போட்டேன். பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்துக்குச் சப்பிப்போகாத ஹோஸ்தான் சரி. குழாய் சுவரில் உரசிய இடத்தில் நுரை உறை மாட்டினேன்.

இப்போது சின்ன உறுமல் மட்டும்தான். மனைவி எழுந்திருப்பதில்லை.