ஏஐ காலத்தில் நம் யோசனையை நாமே கெடுத்துக்கொள்ளும் சில வழிகள்

சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில். இதற்குள் கடலூரில் டியூஷன் பையனிலிருந்து பத்திர எழுத்தர் வரை பலருடைய போனில் அதுவோ கூகுளின் ஜெமினியோ குடியேறிவிட்டது. "இனிமே எவனுக்கும் மூளையே தேவையில்ல" என்று புலம்புகிறவர்கள் ஒரு பக்கம். "இதெல்லாம் சும்மா ஒரு கருவி, பயப்படாதீங்க" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஆனால் ஒரே ஏஐயை வைத்துக்கொண்டு ஒருவர் தேறுகிறார், இன்னொருவர் தேய்கிறார். வேலையின் எந்த இடத்தில் அதைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் இதில் முக்கியம் என்பது என் கணிப்பு. தொடக்கமும் கடைசி முடிவும் நம்மிடம் இருந்தால், நடுவில் எவ்வளவு உதவி வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

யோசிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளஸ் ஒன் இயற்பியலில் ஒரு சாதாரணக் கணக்கு. பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிகிறோம், எவ்வளவு உயரம் போகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் விடை 20 மீட்டர். கேள்வியைப் போட்டோ எடுத்துப் போட்டால் சூத்திரம், படிகள், விடை எல்லாம் அழகாக வந்துவிடும். பையனும் அதை நோட்டில் இறக்கிவிடுவான். "சரி, உச்சிக்குப் போனதும் வேகத்தை ஏன் பூஜ்யம்னு எடுத்த?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான். கணக்கின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதற்காக ஐந்து நிமிடம் தானே திணறியிருந்தால், நாளைக்குப் பந்துக்குப் பதில் கிணற்றில் கல்லைப் போட்டுக் கேட்டாலும் சமாளித்திருப்பான்.

துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2025-இல் வெளியானது. சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருந்த ஜிபிடி-4ஐ அப்படியே கையில் கொடுத்த பிரிவில், பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட இவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, விடையை நேராகக் கொடுக்காமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களை வைத்து அதே ஏஐயை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் போனைப் பிடுங்குவதைவிட வரிசையை மாற்றச் சொல்வது பலன் தரும். முதலில் தாளில் தனக்குத் தெரிந்தவரை போடட்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, "எந்த வரியில் பிசகினேன் என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே" என்று கேட்கட்டும். பெரியவர்களுக்கும் இதேதான். கட்டுரையோ, ஆபீஸ் அறிக்கையோ, வியாபாரத் திட்டமோ, முதலில் உங்கள் சொந்தக் கருத்தை நாலு வரி கிறுக்கிவிட்டு அப்புறம் கேளுங்கள். ஏஐ எழுதிய பத்தியை ஒரு தடவை படித்துவிட்டால், அதிலிருந்து விலகி யோசிப்பது ரொம்பக் கஷ்டம்.

சரளமாக இருந்தால் சரியாக இருக்கும் என்று நம்புவது

இந்தச் செயலிகளின் அடிப்படை வேலை, முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டே போவது. தெரிந்த விஷயத்தையும் தெரியாத விஷயத்தையும் அது ஒரே குரலில்தான் சொல்லும். இணையத்தில் ஆங்கிலத்தை ஒப்பிட்டால் தமிழ் எழுத்து கொஞ்சம்தான். அதிலும் நம் ஊர் விவரம் மிகச் சொற்பம். அந்த இடைவெளிகளில் அது தயங்குவதில்லை, இட்டுக்கட்டி நிரப்பிவிடும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறினால் முள்ளோடை வந்ததும் அரசாங்கமே வேறு. பாகூர்க்காரருக்குச் சாமான் வாங்கப் பக்கம் கடலூர்தான், ஆனால் ரேஷன் கார்டும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் புதுச்சேரி. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தமிழ்நாட்டுத் திட்டம், 2023 செப்டம்பரில் தொடங்கியது. புதுச்சேரியில் குடும்பத் தலைவிகளுக்கான உதவித்தொகை வேறு திட்டம், அதன் விதிகளும் வேறு. சொத்துரிமையில் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரும் ரெனோன்சான் குடும்பங்கள்கூட (பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தவர்கள்) அங்கே இன்னும் இருக்கின்றன. பொத்தாம்பொதுவாகத் தமிழில் கேள்வியைப் போட்டால், தமிழ்நாட்டு நடைமுறையைச் சொல்லிவிட்டுப் போய்விட நிறைய வாய்ப்பு உண்டு. பதிலில் ஒரு எழுத்துப்பிழை இருக்காது, ஆனால் போய் நிற்க வேண்டிய ஆபீஸ் வேறாக இருக்கும்.

மனு எழுதுவதையும் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு எடுத்துப்போகும் மனுவை இப்போது பலர் ஏஐயில் எழுதிக்கொள்கிறார்கள். "மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்", "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்று இரண்டு பக்கம் ஓடும். தேடினால் சர்வே எண் இருக்காது, உட்பிரிவு எண் இருக்காது, முன்பு கொடுத்த மனுவின் தேதி இருக்காது, வாய்க்கால் புகார் என்றால் அதை அடைத்தது யார் என்பதும் இருக்காது. மனுவை வாங்கிப் பிரித்து அனுப்புகிறவருக்கு வேண்டியது இந்த நாலு விவரம்தான். இவை உங்களுக்கு மட்டும் தெரிந்தவை, எந்தச் செயலிக்கும் தெரியாது. முதலில் இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு நடையைச் சரிசெய்யக் கொடுங்கள்.

சரிபார்க்கிறேன் என்று அதனிடமே "இது உண்மையா?" என்று கேட்பது இன்னொரு கூத்து. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே மனுவில் சேர்த்துவிட்டார்கள். அப்படி வழக்குகளே கிடையாது. சந்தேகம் வந்து அவர்களில் ஒருவர் கேட்டது அதே சாட்ஜிபிடியிடம், அதுவும் உண்மையான வழக்குதான் என்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

ஆமாம் போடுவதை ஆலோசனை என்று எடுத்துக்கொள்வது

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கேட்கிறார்: "இத்தனை வருஷமும் தோப்பைப் பார்த்துக்கிட்டது நான், கூடுதல் பங்கு கேட்பது நியாயம்தானே?" உங்கள் உழைப்புக்கு அங்கீகாரம் வேண்டும் என்று பதில் வரும். தம்பி கேட்கிறார்: "நான் வெளியூரில் சம்பாதித்து அனுப்பின காசில்தான் தோப்பே நின்றது, அண்ணன் கூடுதலாகக் கேட்பது அநியாயம்தானே?" உங்கள் மனவருத்தம் புரிகிறது, சமபங்கு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று அவருக்கும் வரும். இரண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தால் தோப்பு தாங்காது.

இதற்குக் காரணம் இருக்கிறது. பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டு இவற்றைப் பயிற்றுவிக்கிறார்கள். நமக்கு எது பிடிக்கும்? நாம் சொல்வதுதான். 2025 ஏப்ரலில் ஜிபிடி-4ஓவுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் அளவுமீறி முகஸ்துதி செய்ய ஆரம்பித்து, அதைத் தயாரித்த ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் குணம் அதோடு ஒழிந்துபோய்விடவில்லை.

"தானே" என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள். நீங்கள் யார் பக்கம் என்று சொல்லாமல், முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று விவரத்தை எழுதி, இருவருக்கும் உள்ள வலுவான வாதம் எது என்று கேளுங்கள். அதையும் படித்துவிட்டு, இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு மாமாவிடம் போய் உட்காருங்கள். "நீ பேசறதுதான் தப்பு, போடா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

கைப்பழக்கத்தை விட்டுவிடுவது

போலந்தில் நான்கு மருத்துவ மையங்களில் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஏஐயைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஏஐ இல்லாமல் டாக்டர்கள் செய்த பரிசோதனைகளைப் பார்த்தால், புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. 2025-இல் வந்த ஒரே ஓர் ஆய்வு இது, இதை வைத்து எல்லாத் தொழிலையும் எடைபோட முடியாது. ஆனாலும் அனுபவம் உள்ள டாக்டர்களின் கண்ணுக்கே இப்படி ஆகுமென்றால், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கணக்கு எழுதுகிறவரும் வாரம் ஒரு நாளாவது ஏஐ உதவி இல்லாமல் கணக்கைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவர் வீட்டுக்கு அனுப்பும் இரங்கலையும் மனைவிக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்தையும் ஏஐயிடம் கொடுக்காதீர்கள். தப்பும் தவறுமாக நீங்களே எழுதினால் போதும். (கண்ணீர் அஞ்சலி பேனர் கவிதைகளைப் பற்றி நான் பேசவில்லை. அவை ஏஐ வருவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் ஒன்றுதான்.)

கண்டுபிடிக்கும் செயலியை நம்பும் ஆசிரியர்கள்

மாணவன் எழுதியது ஏஐ எழுதியதா என்று பார்க்க இன்னொரு செயலியில் போடுகிறார்கள். அதாவது மாணவன் விட்ட தீர்மானத்தை ஆசிரியரும் விட்டுவிடுகிறார். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் தானே இப்படியொரு கண்டுபிடிப்பானை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் மூடிவிட்டது. நன்றாக எழுதுகிற ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். 50 பேர் உள்ள வகுப்பில் தினமும் முடியாது என்பது உண்மைதான். பருவத்துக்கு ஒரு முறை முடியும்.

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்பதோடு திரும்பிவிடுவது

நாம் யோசிப்பதை விடுவது ஒரு நஷ்டம் என்றால், நம்மைப் பற்றிய முடிவை யாரும் யோசிக்காமல் எடுப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று பல ஆயிரம் பெற்றோர்மீது தவறாகக் குற்றம் சாட்டினார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்குவதில் கணினி நிரலுக்கும் பங்கு இருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

நம் ஊர் கவுன்ட்டரில் "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சுங்க" என்று சொன்னால், எந்தக் காரணத்துக்காக, எந்த விதிப்படி, யார் கையெழுத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தச் சட்டப்படி போடும் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.