டர்பனில் பன்னி சௌ வாங்கப் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களைப் பன்னி சௌ (bunny chow) சாப்பிடச் சொல்வார்கள். அவசியம் சாப்பிடுங்கள். வெள்ளை ரொட்டியின் நடுவைக் குடைந்து, அந்தக் குழியில் சுடச்சுடக் கறிக்குழம்பை நிரப்பித் தருவார்கள். விலையும் குறைவு, வயிறும் நிறையும்.

நல்ல பன்னி சௌ பெரும்பாலும் சின்னக் கடைகளில்தான் கிடைக்கும். மேசை நாற்காலி இருக்காது. கவுன்ட்டரில் இருப்பவர் சிரிக்க மாட்டார், நீங்கள் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் மாட்டார். நம்மவர் கடையிலேயே இப்படி விரட்டுகிறார்களே என்று புதிதாக வந்தவர்கள் மனம் நோகிறார்கள். நோக வேண்டாம். மதிய இடைவேளையில் ஓடி வந்த தொழிலாளிகள் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்த வேகம் அவர்களுக்காக.

ஆனால் எவ்வளவு அவசரமானாலும் முதலில் நலம் விசாரியுங்கள். எடுத்த எடுப்பில் பண்டத்தைக் கேட்பது தென்னாப்பிரிக்காவில் மரியாதைக் குறைவு. "ஹலோ ஆன்ட்டி, ஹவ் ஆர் யூ" போதும். பரிமாறுபவர் ஜூலு பேசுபவராக இருந்தால் "சாவுபோனா" சொல்லுங்கள். ஒரே நொடியில் முகம் மாறிவிடும். தமிழில் பதில் வராவிட்டால் வருந்த வேண்டாம். 1860-ல் மதராஸிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்து எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது. வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. ஆனாலும் மாரியம்மன் கோயிலும் புரட்டாசி விரதமும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் அளவு, அதன்பின் கறி: "குவார்ட்டர் மட்டன்." அவ்வளவுதான். குவார்ட்டர் என்பது கால் ரொட்டி, ஒருவருக்குத் தாராளம். அரை ரொட்டியை இருவர் பகிரலாம். மட்டன் என்றால் இங்கே செம்மறி. எலும்போடும் உருளைக்கிழங்கோடும் வரும். சைவர்களுக்கு பீன்ஸ் பன்னி சௌ இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் மலிவு. சைவத்துக்குக் கரண்டி தனிதானா என்று தயங்காமல் கேளுங்கள், விரதக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள்தான். மாட்டுக்கறி வேண்டாதவர்கள் பலகையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். குழம்பு முன்பே கொதித்து முடிந்தது, காரத்தைக் குறைத்துத் தர முடியாது. குழந்தைகளுக்குச் சிப்ஸ் வாங்கிவிடுங்கள்.

கையால்தான் சாப்பிட வேண்டும். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே வைத்துத் தருவார்கள். அதைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டே தொடங்கி, குழம்பு இறங்க இறங்கச் சுவரையும் பிய்த்துச் சாப்பிடுங்கள். அடிப்பகுதியை முதலில் தொட்டால் எல்லாம் மடியில் கொட்டிவிடும். கூடவே வரும் கேரட், வெங்காய, மிளகாய்ப் பச்சடியை (சம்பல்) ஒதுக்காதீர்கள், கொழுப்பான கறிக்கு அதுதான் ஈடு.

காரிலோ கடற்கரையிலோ உட்கார்ந்து உடனே சாப்பிட்டுவிடுங்கள். மரங்கள் உள்ள இடமென்றால் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருங்கள், குரங்குகள் பறித்துவிடும். இரவுக்கு வேண்டுமென்றால் குழம்பைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்; ஊறிய ரொட்டி மறுபடி சூடாக்கினால் நன்றாக இருக்காது.