பன்றிக் கல்லீரல் செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

'மனிதனுக்குப் பன்றிக் கல்லீரல், மருத்துவ சாதனை!' என்ற தலைப்பைப் பார்த்ததும் ஷேர் செய்துவிடாதீர்கள். முதலில், யாருக்கு வைத்தார்கள் என்று தேடுங்கள். 2024 மார்ச்சில் சீனாவின் சியான் நகரில் வைத்தது மூளைச்சாவு அடைந்தவருக்கு. பன்றியின் 6 மரபணுக்களைத் திருத்தியிருந்தார்கள், 10 நாள் பித்தநீரும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் சுரந்தது, எல்லாம் சரி, ஆனால் அவருடைய சொந்தக் கல்லீரலும் உள்ளேயேதான் இருந்தது. பன்றிக் கல்லீரல் மட்டும் தனியாக எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது பதில் இல்லை.

அடுத்து, நாள் கணக்கு. அதே ஆண்டு சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் உயிரோடிருந்த 71 வயதுக்காரருக்கு வைத்தார்கள். நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையத் தொடங்கியதால் 38ஆம் நாள் எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வாழ்ந்தது மொத்தம் 171 நாள். தலைப்பில் 171 மட்டும் இருந்தால் உஷார்.

ரத்தம் உறைவதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியாவது இருக்கிறதா? சிக்கலே அங்கேதான். இதயம் ஒரு பம்பு, கல்லீரலோ தொழிற்சாலை. உறைவதற்கான புரதங்களை அதுதான் தயாரிக்கிறது, பன்றியின் தயாரிப்பு மனித ரத்தத்தோடு முழுசாக ஒத்துப்போவதில்லை. போதாததற்கு, பன்றிக் கல்லீரல் செல்கள் ரத்தம் உறைய உதவும் நம் தட்டணுக்களை விழுங்கிவிடும்.

அப்புறம், உடலுக்குள் வைத்தார்களா, வெளியே வைத்து அதன் வழியாக ரத்தத்தை மட்டும் ஓட்டினார்களா? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மூளைச்சாவு அடைந்தவரிடம், 72 மணி நேரம் அப்படி ஓட்டினார்கள். மனிதக் கல்லீரல் கிடைக்கும்வரையோ, சொந்தக் கல்லீரல் தேறும்வரையோ தாக்குப்பிடிக்க இந்த வழிதான் முதலில் உதவும் என்பது என் கணிப்பு.